வராதவருக்குக் காத்திருத்தல்

2010-ஆம் ஆண்டில் சிஸ்டம்டி என்னும் நிர்வாகி லினக்ஸ் ராஜ்யத்தில் பிரவேசித்தபோது, சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தாமல் ஏககாலத்தில் எழுப்பிவிட்டுக் கணினியைத் துரிதமாகத் துவக்குவதே அதன் பிரதான லட்சியங்களுள் ஒன்றென்று சொல்லப்பட்டது. அந்த லட்சியத்தின் பிரத்தியட்ச பலனாக, இன்று மேசைக் கணினியின் முன் அமர்ந்தவர் சில வேளைகளில், வலையிணைப்பு வரட்டுமென்று முழுதாக 2 நிமிஷம் கறுத்த திரையைத் தரிசிக்கும் பாக்கியத்தைப் பெறுகிறார்.

காரணம் பெரும்பாலும் விசித்திரமானது. இணைப்பை நடத்துகிறவர் நெட்வொர்க்மேனேஜர். காத்திருப்பவரோ சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் என்னும், பெயரை உச்சரித்து முடிப்பதற்குள் பாதி அவகாசம் கழிந்துவிடக்கூடிய, வேறொரு இலாகாவின் சேவகர். தம் இலாகாவிடம் ஓர் இணைப்பும் ஒப்படைக்கப்படவில்லை என்பதை விசாரியாமலே, மாப்பிள்ளை வேறு மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டிருக்க இந்த மண்டப வாசலில் பன்னீர்ச் செம்புடன் நிற்பவரைப்போல் 120 விநாடி நின்று, பிறகு சிவப்பெழுத்தில் தோல்விப் பிரகடனம் செய்து ஓய்கிறார். இணைப்பு அதற்குள் வந்து வெகுநேரமாகியிருக்கும்!

பரிகாரம் அற்பமே. ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’ என்று கேட்டால் குற்றவாளியின் நாமம் வெளிப்படும். ‘டிஸேபிள்’ என்னும் கட்டளையால் அவருக்குக் கௌரவமாக ஓய்வளித்துவிடலாம். வலைவழிக் கோப்பகங்களைத் துவக்கத்திலேயே இணைத்தாக வேண்டிய கணினிகளுக்கு யாரேனும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நெட்வொர்க்மேனேஜருக்கே உரிய காத்திருப்பாளர் இருக்கிறார். அவர் வழக்கமாக 60 விநாடியிலேயே சலித்துக்கொள்ளும் சுபாவமுடையவர்.