‘ம்’ கொட்டுவது எப்படி?

குடும்பஸ்தர்களுக்கான செய்முறைக் கையேடு

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக ‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கிறேன். கண் செல்பேசியில் இருக்கும். வாய் மனைவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த வித்தை என்னோடு அழிந்துபோகக் கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன். யாரும் கேட்கவில்லைதான். கேட்டா கொடுக்கிறார்கள் அறிவுரையை?

தேவையானவை: சாய்வு நாற்காலி ஒன்று, சார்ஜ் குறையாத செல்பேசி ஒன்று, சொல்வதற்கு விஷயம் வைத்திருக்கும் மனைவி.

படி 1: பொருளை விடுங்கள், ராகத்தைப் பிடியுங்கள்

1953-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் செர்ரி ஒரு சோதனை செய்தார். ஹெட்போனை மாட்டி, வலது காதில் ஒரு பேச்சு, இடது காதில் வேறொரு பேச்சு. ஒரு காதில் விழுவதை விழ விழ அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆட்கள் சொல்லிவிட்டார்கள். “சரி, மறு காதில் என்ன ஓடியது?” என்று கேட்டதும் முழித்தார்கள். யாரோ பேசியது தெரிந்தது. ஆண் குரல் பெண் குரலாக மாறியது தெரிந்தது. வெறும் ‘பீப்’ ஒலி வந்தால் அதுவும் தெரிந்தது. நடுவில் ஆங்கிலம் போய் ஜெர்மன் வந்தது மட்டும் தெரியவில்லை!

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் இனம் கடல் கடந்தும் இருந்திருக்கிறது.

ஆகவே, கவனிக்காத காதுக்குப் பொருள் எட்டாது. ஏற்ற இறக்கம் எட்டும். ‘ம்’ கொட்ட அது போதும். குரல் தாழ்ந்து நின்றால் ‘ம்’. மேலே ஏறி நின்றால் ‘அப்படியா!’ சட்டென்று மௌனமானால் உடனே தலையைத் தூக்கிவிடுங்கள். கேள்வி ஒன்று கேட்கப்பட்டிருக்கிறது.

படி 2: உங்கள் வடிகட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

1958-இல் டொனால்ட் பிராட்பென்ட் என்ற ஆங்கிலேய உளவியலாளர், மூளையின் வாசலில் ஒரு வடிகட்டி இருக்கிறது என்றார். உள்ளே வருவது ஏராளம், உட்கார வைத்து உபசரிக்க இடம் கொஞ்சம். அதனால் ஒன்றை உள்ளே விட்டு மற்றதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அடுத்து வந்த ஆன் டிரீஸ்மன் அதைத் திருத்தினார். கதவு சாத்தப்படுவதில்லையாம், ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பதுபோல் குறைக்கப்படுகிறதாம். நமக்கு முக்கியமான சில சொற்கள் அந்தக் குறைந்த சத்தத்திலும் உள்ளே நுழைந்துவிடும்.

என் பட்டியல் சின்னது: ‘போனஸ்’, ‘அல்வா’, ‘உங்க அம்மா’. என் மனைவியின் பட்டியல் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. மிக்ஸி ஓடும்போது, மொட்டை மாடியில், போனில், “வீட்ல சொல்லிடாதடா” என்று நான் கிசுகிசுத்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

படி 3: பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்

1959-இல் நெவில் மோரே, கவனிக்காத காதில் ஆளின் சொந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கவனித்தார்கள். கல்யாணப் பந்தி இரைச்சலில் எங்கோ நம் பெயர் அடிபட்டால் காது நிமிர்வது இதனால்தான். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். என்னை வீட்டில் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘என்னங்க’ என்பது பெயர் அல்ல. எங்கள் தெருவில் இருக்கும் நாற்பது கணவன்மாருக்கும் பொது. வடிகட்டி அதைத் தடுத்தால் தப்பு யாருடையது?

அதே மோரே இன்னொன்றும் செய்தார். சில எளிய சொற்களை அந்தக் காதில் 35 தடவை ஓதினார். பிறகு கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை. “சிலிண்டர் புக் பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று இனி யாராவது கேட்டால், “35 தடவையும் பத்தாது, ஆராய்ச்சி இருக்கு” என்று சொல்லலாம். சொல்லிவிட்டு எங்கே சாப்பிடுவீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 4: “நான் கடைசியா என்ன சொன்னேன்?”

பயப்பட வேண்டாம். கவனிக்காத பேச்சும் சில விநாடிகள் காதோரம் எதிரொலியாகத் தங்கியிருக்கும். “என்ன?” என்று கேட்டுவிட்டு, எதிராளி திருப்பிச் சொல்வதற்குள் நாமே பதில் சொல்வதுண்டே, அந்த எதிரொலிதான். 1969-இல் டொனால்ட் நார்மன் இதைச் சோதித்தார்: உடனே கேட்டால் கடைசியாக வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள், இருபது விநாடி கழித்துக் கேட்டால் சுத்தமாக இல்லை. ஆகவே கேள்வி வந்த மறு நொடி, வாலைப் பிடித்து ஒப்பித்துவிடுங்கள்: “...அதனால வெள்ளிக்கிழமை போகணும்னு சொன்ன.” எங்கே, யார், எதற்கு என்று துணைக் கேள்வி வந்தால் குளியலறைக்குப் போய்விடவும்.

படி 5: மளிகைச் சாமான்

ஒரே மூச்சில் நினைவில் நிற்பது ஏழு, இரண்டு கூடலாம், குறையலாம் என்றார் ஜார்ஜ் மில்லர், 1956-இல். 2001-இல் நெல்சன் கோவன் கணக்கைச் சரிபார்த்து, ஏறக்குறைய நான்குதான் என்று குறைத்துவிட்டார். மனைவி சொன்ன பன்னிரண்டு சாமானில் நான்கோடு வீடு திரும்புகிறவர் அறிவியல்படி முழு மதிப்பெண் வாங்கியவர். தப்பிக்க ஒரு வழி உண்டு: சேர்த்துக் கட்டுவது. பருப்பு, புளி, பெருங்காயம், கொத்தமல்லி என்று நான்காக வைக்காமல் ‘சாம்பார்’ என்று ஒன்றாக வைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் கட்டுவதற்கு முதலில் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

காதுதானே ஏமாறுகிறது, கண் ஏமாறுமா?

1999-இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிசும் ஒரு வீடியோ காட்டினார்கள். சிலர் பந்தைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை மாற்றினார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து வந்து, மார்பில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பார்க்கவில்லை. படித்தவர்கள் தப்புவார்களா? 2013-இல் நுரையீரல் ஸ்கேன் படங்களுக்குள் ஒரு கொரில்லாப் படத்தைச் செருகினார்கள். தேடச் சொன்ன கட்டியைப்போல் 48 மடங்கு பெரியது. 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் அதைத் தவறவிட்டார்கள்.

சதாவதானிகள் நூறு காரியத்தைக் கவனிக்கவில்லையா?

கவனித்தார்கள். செய்குதம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஆனால் அந்த வித்தையின் சூட்சுமம், ஒவ்வொருவர் கேள்வியையும் முறை வைத்து வாங்கி, மனதில் இருத்தி, திரும்ப வந்து முடிப்பது. வருடக்கணக்கான பயிற்சி அது. நாம் செய்வது ரீல்ஸ் பார்ப்பது.

வண்டி ஓட்டும்போது ‘ம்’ கொட்டலாமா?

இந்த ஒரு பதிலில் விளையாட்டு இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் செய்த சோதனையில், போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சிக்னலைத் தவறவிடும் வாய்ப்பு இரண்டு மடங்கானது. போன் கையில் இருந்தாலும் ஒன்றுதான், ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் இருந்தாலும் ஒன்றுதான். ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை இருக்கும். சாலையைப் பிடிக்கக் கவனம் இருக்காது.

பக்க விளைவுகள்

போன மாதம் ஒரு மாலை. மனைவி குரலை ஏற்றாமல் இறக்காமல், காய் நறுக்கியபடியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

“பால்காரருக்குப் பணம் கொடுத்துட்டேன்.”

“ம்.”

“பீரோவை வித்துட்டேன்.”

“ம்.”

“ஹால்ல ஒரு யானை நிக்குது.”

“ம்.”

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. தலையைத் தூக்கினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

“எவ்வளவு நாளா தெரியும்?” என்று கேட்டேன்.

“மொதல் வருஷத்துலேர்ந்து. கேட்டுட்டுச் சொல்ற ‘ம்’ நான் முடிக்கறதுக்கு முன்னாடியே வந்துரும். கேக்காத ‘ம்’ நான் நிறுத்தினப்புறம்தான் வரும்.”

செர்ரி, பிராட்பென்ட், டிரீஸ்மன் மூவரும் எழுதாத குறிப்பு இது. நான் சொல்லிக்கொடுத்த முதல் படியே நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. குரல் தாழ்ந்து நிற்கட்டும் என்று காத்திருந்துதானே கொட்டுகிறோம்?

எனவே மேலே உள்ள ஐந்து படிகளையும் அடித்துவிட்டு, இந்த ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: செல்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். “கவனிக்கல, மறுபடி சொல்லு” என்று கேளுங்கள். முதல் நிமிடத்திலேயே கேட்டால் சொல்வார்கள். பத்தொன்பது வருடம் கழித்துக் கேட்டவன் சொல்கிறேன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவர்களுக்கே தெரியாது.