ஐம்பது நரம்பு

சீனக் கவிஞர் லி ஷாங்யினின் ‘அலங்கார யாழ்’ கவிதையில் முத்தும் கண்ணீரும் வருகிறதாமே? முத்துக் குளிப்பு நின்றுபோன எங்கள் ஊரையா பாடினார்?
– ஒரு வாசகர், அரிப்பு, இலங்கை

அவர் இறந்தது 858 வாக்கில். முத்துக் குளிப்பை மேற்பார்க்க உங்கள் ஊரில் டொரிக் மாளிகையைக் கட்டிய பிரித்தானியத் தேசாதிபதி நோர்த் பதவிக்கு வந்ததே 1798இல்தான்! ஆனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், சீன உரைகாரர்களும் தங்களுக்கு வேண்டியதைத்தான் அதில் கண்டார்கள். யாழுக்கு 50 நரம்பு என்றதும், ‘50 வயதில் வீணான வாழ்வை எண்ணி அழுகிறார்’ என்றார்கள் சிலர். மனிதர் 45 வாக்கிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சுமாராகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம்தான், ஆனால் ஆதி யாழுக்கு 50 நரம்பு என்று பழங்கதையே இருக்கும்போது பிறப்புச் சான்றிதழை ஏன் தேட வேண்டும்? மனைவியின் மரணம், கைக்கெட்டாத பதவி, இரண்டுக்கும் கவிதையில் இடம் உண்டு. இரண்டின் பெயரும் இல்லை. காரணத்தை அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்பது என் கட்சி.

அப்படியானால் எந்தப் பொருளும் செல்லுமா? செல்லாது. நடந்த காலத்திலேயே மனசு கலங்கித்தான் இருந்தது என்று கவிதை முடிகிறது. கைக்கெட்டாத பதவிக்கான புலம்பல் மட்டும்தான் இது என்பவர்கள் முதலில் அந்த முடிவுக்குப் பதில் சொல்லட்டும்.