முகத்துக்கு மூன்று போதும்

முகத்துக்கு அன்றாடம் தேவைப்படுபவை மூன்று: மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். டோனர், சீரம், எசென்ஸ் என்று அலமாரியில் வரிசை கட்டி நிற்பவை பெரும்பாலும் காலாவதியாவதற்கென்றே வாங்கப்படுபவை.

சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் 30, வெயிலில் தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதா பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்குத்தான் இத்தனை விளம்பரம். எதுவானாலும் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசினால்தான் பலன். வாங்கியவரோ விலையை நினைத்துப் பொட்டளவே தொட்டு வைப்பார். வெளியே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மறுபடி பூச வேண்டும் என்பது டியூபின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும்.

சிவப்பழகு க்ரீமான ஃபேர் அண்ட் லவ்லியே 2020-இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ஐ விட்டுவிட்டது. வாடிக்கையாளரும் நாலைந்து பாட்டில்களை விட்டுவிடலாம், தோல் கோபித்துக்கொள்ளாது.