ஆர்ச்வே வீதிக் கொதிப்பு: பரபக்கமும் சுபக்கமும்

இவ்வாய்வின் களம் வடக்கு லண்டனில், ஹைகேற் முருகன் கோயிலுக்கு ஏறும் ஆர்ச்வே வீதி. காலம், ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை ஆறரை. ஆய்வுப் பொருள், 17 வயது நிரம்பிய என் கார். முருகன் எந்த நாட்டுக்குப் போனாலும் குன்று தேடித்தான் குடியேறுவார். அதனால் மோட்டார் எஞ்சின்கள் படும் பாட்டை இதுவரை யாரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து ஹைகேற் ஹில்லில், 1884-ல், ஐரோப்பாவிலேயே முதன்முதலாகக் கம்பிவடத்தால் இழுக்கும் டிராம் ஓடவிட்டார்கள். ஏற்றத்தின் கொடுமைக்கு இந்த ஒரு சான்று போதும்.

சிக்னலில் நின்றபோது சூடு காட்டும் முள் மெல்ல எழுந்து சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டிப் பொனற்றைத் திறந்தேன். பொனற் திறந்த காரைக் கண்டால் ஆங்கிலேயர் பார்க்காததுபோல் போய்விடுவார். தமிழர் கூடுவர். கோயிலிலிருந்து திருநீறும் கையுமாக இறங்கியவர்களில் ஐந்து பேர் பத்து நிமிடத்துக்குள் எஞ்சினைச் சூழ்ந்துவிட்டார்கள். இலக்கண நூலான நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது கொள்கைகளில், உடன்படல் ஒன்றைத் தவிர மற்ற ஆறும் அங்கே அரங்கேறின.

முதலில் பரபக்கம், அதாவது பிறர் கொள்கைகளை எடுத்து மறுப்பது. "அண்ணை, தண்ணி குறைஞ்சிருக்கும். மூடியைத் திறந்து விடுங்கோ" என்றார் ஒருவர். இது தண்ணீர் மதம், பழமையானது, ஆபத்தானது. ரேடியேற்றர் மூடி என்பது பிரஷர் குக்கரின் வெயிற் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. இரண்டுமே சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 இறாத்தல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பவை. உள்ளே தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். விசில் அடங்காத குக்கரைத் திறக்கக் கூடாதென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வீதிக்கு வந்ததும் அந்த அறிவு எங்கே போகிறதோ!

அடுத்தவர் அன்ரிஃபிறீஸ் மறுப்பாளர். "உது குளிருக்கு விடுறது. ஓகஸ்ட்டில என்னத்துக்கு? பைப் தண்ணி காணும்." பெயர் செய்த கேடு இது. அந்தத் திரவத்தைத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 பாகை வரை உறையாது என்பது பாதிச் செய்தி. கொதிநிலையையும் அது உயர்த்துகிறது, உட்புறம் துருப்பிடிக்காமலும் காக்கிறது என்பது மறுபாதி.

மூன்றாமவர் ஹீற்றர் மதத்தார். ஹீற்றரை முழுதாகத் திறந்து விடச் சொன்னார். இதைத் தள்ளிவிட முடியாது. ஹீற்றருக்குள்ளும் குட்டி ரேடியேற்றர் ஒன்று இருக்கிறது. எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது காருக்குள் இறக்கிவிடும். இறக்கியது. பட்டுச்சேலையோடு முன் இருக்கையில் இருந்த என் மனைவி அதை ஒரு வார்த்தையும் பேசாமல் ஏற்றுக்கொண்டார். முதலுதவிதான், வைத்தியம் ஆகாது.

நான்காமவர் ஹெட் கெஸ்கற் போய்விட்டது என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார். எண்ணெய் மூடியின் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் பசை இருந்தால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். இருக்கவில்லை. காரையே வில்லுங்கோ என்ற ஐந்தாமவர் நாத்திகர், அவரோடு வாதமில்லை.

போகும்போது அவர் கேட்ட கேள்விதான் இவ்வாய்வின் மையம்: "இந்தக் குளிர் நாட்டில எஞ்சின் எப்பிடி அண்ணை கொதிக்கும்?"

இதற்கு லண்டனிலிருந்தே புறப்பட்டுப்போன விடை இருக்கிறது. 1910 ஜூன் 1 அன்று வெஸ்ற் இந்தியா டொக்ஸிலிருந்து துருவப் பயணி ஸ்கொட்டின் 'டெரா நோவா' கப்பல் தென்துருவப் பயணத்தைத் தொடங்கியது. அந்தப் பயணத்துக்காக வுல்ஸ்லி நிறுவனம் செய்த மூன்று மோட்டார்ப் பனிவண்டிகள், இன்றைய ஸ்நோமொபைலுக்குப் பெரியப்பா முறை. இறக்கும்போதே ஒன்று பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போனது. மற்ற இரண்டும் 1911 ஒக்டோபர் 24 அன்று பாரம் இழுத்துக்கொண்டு தெற்கே கிளம்பின. உலகத்திலேயே குளிரான கண்டத்தில் அவற்றுக்கு வந்த வியாதி, எஞ்சின் சூடேறல்! கொஞ்சத் தூரம் ஓடும், சிலிண்டர் கொதிக்கும், ஆற விட்டு நிற்பார்கள். நிற்கும் நேரத்தில் கார்பரேற்றர் குளிர்ந்துபோகும். அதைச் சூடாக்கிக் கிளப்ப வேண்டும். ஒரே உடம்பில் காய்ச்சலும் குளிரும். நவம்பர் தொடக்கத்துக்குள் இரண்டையும் பனியில் விட்டுவிட்டு, கூடப்போன நால்வரும் சுமையைத் தாமே இழுத்தார்கள். வாட்டர்லூ பிளேசில் ஸ்கொட்டுக்கு அவர் மனைவி கத்லீன் செய்த சிலை நிற்கிறது. வண்டிகளுக்குச் சிலையில்லை.

அந்த வண்டிகளில் இருந்தவை காற்றால் குளிரும் எஞ்சின்கள். ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தால் காற்று எங்கிருந்து வரும்? இன்றைய நீர்க்குளிர்ச்சி ஸ்நோமொபைலிலும் இதே கதைதான். அடியில் சுழலும் பட்டை வாரியெறியும் பனித்தூள் பட்டுத்தான் அதன் தண்ணீர் ஆறுகிறது. உறைந்த ஏரியில் தூளில்லாத வெறும் பனிக்கட்டிமேல் ஓட்டினால் மைனஸ் 20-லும் கொதிக்கும். அதற்காகவே பனிக்கட்டியைச் சுரண்டித் தூள் கிளப்பும் கம்பிகளைப் பூட்டுகிறார்கள். சுற்றிலும் குளிர் இருப்பது வேறு, அது எஞ்சினில் வந்து படுவது வேறு.

இனிச் சுபக்கம், அதாவது என் கொள்கையை நிறுவுவது. கார் ஆறியதும் மலையிறங்கி வீடு வந்தோம். மறுநாள் தெர்மோஸ்ரற்றைக் கழற்றிக் குசினியில் ஒரு சட்டித் தண்ணீருக்குள் போட்டு அடுப்பை மூட்டினேன். இதன் வயிற்றுக்குள் மெழுகு இருக்கிறது. சூட்டில் அது விரிந்து, தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகும் கதவைத் தள்ளித் திறக்கும். பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழிகள் எழுந்து, ஓரத்தில் சரசரத்து, வெப்பமானி 88-ஐத் தொட்டபோது பித்தளை வாய் மெல்லப் பிளந்தது. குற்றமற்றது.

"உதை ரசச் சட்டிக்குள்ளயே போட்டனீங்கள்?" என்றார் மனைவி, வாசலில் நின்று. பிறகு, "சிக்னல்ல நிக்கேக்க முன்னுக்கு உர்ரெண்டு ஒரு சத்தம் வரும். ஒரு மாசமாக் கேக்கேல்ல" என்றார்.

ஓடும்போது ஆறி, நிற்கும்போது கொதித்தால் விசிறியைப் பார் என்பது மெக்கானிக்குகளின் பாலபாடம். பார்த்தேன். நகமளவு பியூஸ் ஒன்று கருகியிருந்தது. மாற்றினேன், உர்ரென்றது.

தெர்மோஸ்ரற்றில் ஒட்டியிருந்த அன்ரிஃபிறீஸ் இனிக்கும் நஞ்சு. ஆகையால் சட்டி சமையலுக்குத் திரும்பவில்லை. இப்போது அதில் கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. குளிர் தொடங்கினால் அதை வீட்டுக்குள்ளே, ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வைக்கிறோம்.