புறப்படாமை இயல்: சாலைக் கடைத்தெருவை முன்வைத்து ஓர் ஆய்வு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தும் தமிழர்களில், வயது நாற்பதைத் தாண்டி, கார் வாங்கி, அதன் தவணையையும் கட்டி முடித்த எவரிடமும் ஒரு திட்டம் இருக்கும். சொந்தக் காரில் ராஜஸ்தான் போய் மணலைப் பார்ப்பது, அப்படியே வடக்கே ஏறி லடாக்கில் பனியைப் பார்ப்பது, பிறகு ஊர் திரும்புவது. திட்டம் வைத்திருப்பவர்கள் சந்துக்குச் சந்து அகப்படுகிறார்கள். திரும்பி வந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. போனவரே அகப்படாததால் இதில் வியப்பில்லை. தமிழ்ப் பயண இலக்கியம் இந்தப் பெருங்கூட்டத்தை இதுவரை கண்டுகொண்டதில்லை. ஏ. கே. செட்டியார் தொடங்கி நம் பயண எழுத்தாளர்கள் எல்லோரும் புறப்பட்டவர்கள். ஆகவே அவர்களுடைய சாட்சியம் ஒருதலைப்பட்சமானது. புறப்படாதவர்கள் தரப்புக்கும் ஒரு சாஸ்திரம் வேண்டாமா?

ஆய்வுக் களத்தின் மேற்கு எல்லை கிழக்கே கோட்டை (பிழையில்லை, இடத்தின் பெயரே அதுதான்). கிழக்கு எல்லை கிள்ளிப்பாலம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் இந்தக் கடைத்தெருவை அமைத்த நாள் முதல் இதன் சுபாவம் ஒன்றுதான்: இங்கே எல்லாம் வந்து சேரும். தோவாளையிலிருந்து பூ வரும், ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டிக் காய்கறி வரும், அதன் பின்னாலேயே அதை விற்கக் கோட்டாற்றிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் பட்டியலில் ராஜராஜ சோழனும் உண்டு. காந்தளூர்ச் சாலையில் அவன் கலமறுத்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகப் பேசுகிறது. அந்தக் காந்தளூர்ச் சாலை பக்கத்திலுள்ள இன்றைய வலியசாலைதான் என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். எந்தக் கலம், எப்படி அறுத்தான் என்பதில் அவர்களுக்குள் தகராறு இன்னும் தீரவில்லை. நமக்கு வேண்டியது, தஞ்சாவூரிலிருந்து அவன் வந்து சேர்ந்தான் என்கிற தகவல் மட்டுமே. பதிலுக்கு இங்கிருந்து தஞ்சாவூர் மேல் படையெடுத்த சாலைக்காரர் எவரும் கல்வெட்டில் இல்லை.

புறப்படாமை பின்னடைவு என்று நினைப்பவர்கள் ஆ. மாதவனைக் கவனிக்க வேண்டும். இதே தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார், இதே தெருவைப் பற்றிக் கதைகள் எழுதினார், 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருடைய ‘இலக்கியச் சுவடுகள்’ நூலுக்குக் கிடைத்தது. டில்லி வரை எட்டுவதற்குக் கடையை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று கிடைப்பது கடினம்.

இனித் திட்டத்துக்கு வருவோம். பாதையைப் பொறுத்தவரை சாலையில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உள்ளன. கடற்கரைப் பள்ளியினர் தேசிய நெடுஞ்சாலை 66ஐ ஆதரிக்கிறார்கள்: கொச்சி, கோழிக்கோடு, மங்களூர், கோவா, பன்வேல், பிறகு குஜராத், ஜெய்சால்மர். இந்தப் பள்ளியில் பெரும்பாலும் வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்களும் இளைஞர்களும் இருக்கிறார்கள். நெடுஞ்சாலை அகலப்படுத்தும் வேலை முடியட்டும் என்று காத்திருப்பதே இவர்களுடைய தற்போதைய நிலைப்பாடு. நாகர்கோவில் பள்ளியினரோ தேசிய நெடுஞ்சாலை 44ஐ விட்டு நகர மாட்டார்கள். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை ஒரே எண்ணில் 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை அது. அதைப் பிடித்துவிட்டால் வழி கேட்கவே வேண்டாம் என்பது அவர்கள் வாதம். ஒரே சிக்கல், அதைப் பிடிப்பதற்குச் சாலையிலிருந்து தெற்கே எழுபது கிலோமீட்டர் போக வேண்டும். வடக்கே போகிறவன் தெற்கே கிளம்புவதில் உள்ள தத்துவச் சிக்கலைவிட நடைமுறைச் சிக்கல் பெரிது. அதைப் பின்னால் பார்ப்போம்.

காலத்தைப் பற்றிய ஆராய்ச்சிதான் திட்டத்தின் உயிர்நிலை. தார் பாலைவனத்துக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை போகலாம். மே மாதம் போனால் வெயில் 45 பாகையைத் தாண்டும். லடாக் கணவாய்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. அக்டோபர் முற்றினால் பனி விழுந்து வழி அடைபடும். இரண்டும் ஒத்துப்போகும் காலம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். அதாவது நவராத்திரி. அந்த நாட்களில் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்கிறார்கள். குமாரசுவாமி தங்குவது சாலையை ஒட்டிய ஆரியசாலைக் கோயிலில். வேளிமலை முருகன் நம் தெருமுனைக்கு வந்து தங்கியிருக்கும்போது, நாம் மலை பார்க்க வடக்கே போவது மரியாதையா? போகட்டும், மரியாதையை விட்டுவிட்டாலும் ஆயுத பூஜை இருக்கிறது. காருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டுப் பூஜையில் நிறுத்திய பிறகு விஜயதசமி வரை அதை எடுக்கக் கூடாது. எடுக்கலாம் என்கிறபோது தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியிருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் என்ற ஊரில் மணல்மேடும் பனிமலையும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. மணலில் இரட்டைத் திமில் ஒட்டகம்கூட நடக்கிறது. ராஜஸ்தான் செலவு மிச்சம், ஜூன் ஜூலையிலேயே போய்வரலாமே என்பார்கள். வியாபாரிக்கு உடனே பிடிக்கக்கூடிய வாதம்தான். ஆனால் ஜூன் என்றால் பள்ளிக்கூடம் திறப்பு. குடையும் பையும் நோட்டும் விற்கிற மாதத்தில் ஷட்டரை இறக்குகிறவன் வியாபாரி இல்லை. ஜூலையில் பாதிக்கு மேல் மலையாளிக்குக் கர்க்கடகம், தமிழனுக்கு ஆடி. இரண்டு மொழியும் சேர்ந்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் மாதத்தில் யார் வண்டி எடுப்பார்? அடுத்தது ஓணம். ஆக, இந்திய வானிலைக்கும் சாலையின் வியாபாரப் பஞ்சாங்கத்துக்கும் பொதுவான நாள் ஒன்றுகூட இல்லை. இதை இவ்வாய்வின் முதல் தேற்றமாகக் கொள்ளலாம்.

உயரத்தைப் பற்றிய பௌதிகம் திட்டக்காரர்களுக்கு மனப்பாடம். லே நகரம் இருப்பது சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பதாக நமக்குத் தோன்றும், அரிசி நம்பாது. சாலைத் தமிழர் சாப்பிடும் சம்பா அரிசி ஊரிலேயே நிதானமாக வேகும் ஜாதி. ஆகவே குக்கர் இல்லாமல் கிளம்புவது தற்கொலைக்குச் சமம் என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது பௌதிகப்படி சரி. அவருடைய கடையில் குக்கர் இருப்பதும் தெரிந்த விஷயம். நேந்திரங்காய் உப்பேரியைக் காற்றுப் புகாமல் அடைத்த பாக்கெட், மலை ஏற ஏற உப்பிக்கொண்டே போகும். உள்ளே இருப்பது கடல்மட்டத்துக் காற்று, வெளியே அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான் காரணம். உயரமானி வாங்கும் செலவு மிச்சம். வெடித்தால் ரொம்ப உயரம்.

உயரத்தில் ஒரு நியாயப் பிரச்சினையும் உண்டு. கார்துங் லா கணவாயின் பலகையில் பல காலம் 18,380 அடி, அதாவது 5,602 மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். முறையாக அளந்தபோது வந்தது 5,359 மீட்டர். பலகையில் ஒரு கணக்கு, தராசில் ஒரு கணக்கு. வித்தியாசம் 243 மீட்டர். சாலையில் இப்படி நடந்திருந்தால் எடைகுறைவு என்று அன்றைக்கே கூட்டம் கூடியிருக்கும்.

மூச்சு முட்டாமலிருக்கக் கற்பூரத்தை முகர்ந்துகொண்டே போக வேண்டும் என்பது சாலையில் பரவலான நம்பிக்கை. கற்பூரம் இங்கே மொத்த விலையில் கிடைப்பதற்கும் நம்பிக்கையின் பரவலுக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது. மருத்துவர்கள் சொல்வது வேறு: லேயில் இறங்கியதும் முதல் இரண்டு நாள் ஒரு வேலையும் செய்யாமல் ஓய்வெடுக்க வேண்டும், உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகட்டும். முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவரிடம் இதைச் சொன்னால் கணவாயைவிட இதற்குத்தான் பயப்படுகிறார். “ரெண்டு நாள் சும்மா கெடக்கவா? அதுக்கு எதுக்குவே நாலாயிரம் கிலோமீட்டர்?”

சாமான் பட்டியலை விரித்தால் கட்டுரை தாங்காது. தார்ப்பாய், கயிறு, கேன், சுக்கு, மிளகு, வத்தல், ஊறுகாய் எல்லாம் நூறடிக்குள் கிடைப்பதால் பட்டியல் தினமும் வளர்கிறது, காரின் டிக்கி வளர்வதில்லை. பகலில் சரக்கு லாரிகளுக்கு நடுவே அந்தக் காரைத் தெருவுக்குள் கொண்டுவருவதே ஒரு சாகசம். ஏற்றுகூலி யாருக்கு என்ற கேள்வியும் எழும். ஏற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கு வாங்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டதால், அந்த ஒரு செலவினத்தை மட்டும் பட்டியலிலிருந்து தைரியமாக அடிக்கலாம்.

இப்போது முன்னே ஒத்திவைத்த நடைமுறைச் சிக்கல். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. சாலை கேரளத்தில் நின்றது. எல்லை களியக்காவிளையில் விழுந்ததே தவிர, கல்யாண உறவுகள் மேல் விழவில்லை. சாலைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் மார்த்தாண்டத்தில் ஒரு சித்தி, தக்கலையில் ஒரு மாமா, நாகர்கோவிலில் ஓர் அத்தையாவது உண்டு. எல்லா வீடும் நெடுஞ்சாலைக்கு அருகிலேயே இருக்கும்; இல்லாவிட்டாலும் ‘அருகில்தான்’ என்பார்கள். காஷ்மீர் போகிற வழியில் சொந்தக்கார வீட்டில் ஏறாமல் போனது தெரிந்தால் அடுத்த கல்யாணத்தில் பந்தி வரை பேச்சு வரும். ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு, உறவுக்காரர் ஒருவரின் பயணத்தில் நாகர்கோவில் வரை நானே கூடப் போய்க் கேட்ட உரையாடல் இது:

“வந்ததும் வந்தே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போப்பிடாதா மக்கா?”

“இல்லத்தே, இன்னைக்கே மதுரை தாண்டணும்.”

“மதுரை எங்க ஓடியா போவுது? தீயல் வச்சிருக்கேன். உங்க மாமா இப்பம் வந்துருவாவ.”

மாமா வந்தது சாயங்காலம். விடியற்காலை நாலு மணிக்குச் சாலையை விட்ட கார் அதற்குள் மூன்று வீடுகளில் ஏறி இறங்கியிருந்தது. எழுபது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால், சராசரி வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. கைவீசி நடக்கிற மனிதனைவிடச் சற்றே கூடுதல். இராத் தங்கி, மறுநாள் குலதெய்வம் கோயிலுக்குப் போய், மூன்றாம் நாள் கடையிலிருந்து போன் வந்து, கார் வடக்கு நோக்கித் திரும்பியது, அதாவது திருவனந்தபுரத்துக்கு.

இதிலிருந்து பெறப்படும் இரண்டாம் தேற்றம்: காற்றின் அடர்த்தி மேலே போகப் போகக் குறைவதுபோல, உறவினர் அடர்த்தியும் வடக்கே போகப் போகக் குறைகிறது. திருநெல்வேலி தாண்டினால் லேசாகிறது. மதுரைக்கு அப்பால், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் மைத்துனன் ஒருவனைத் தவிர வழி சுத்தம். அதன் பிறகு லே வரை தடையே இல்லை. ஆகவே இந்தப் பயணத்தின் மிகக் கடினமான பகுதி சோஜி லா கணவாய் என்பது புறப்பட்டவர்கள் பரப்பிய கருத்து. அது நாகர்கோவில்.

ஆகக்கூடியது ஒன்று உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால், இரு பக்கமும் மலை. முப்பந்தலில் அந்தக் கணவாய்க் காற்றே காற்றாலைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கிழக்கே திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் போனால் தேரிக்காடு: காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள், இரும்புச்சத்தால் ரத்தச் சிவப்பு, நடுவே பனையும் முந்திரியும். மலையும் பாலையும் ஒரே நாளில் முடிந்துவிடும். சம்பா அரிசி வேகும், உப்பேரிப் பாக்கெட் உப்பாது, கடையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடைத்தால் போதும். இத்திட்டத்தைச் சாலை வணிகர்கள் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போகிறவர்கள் காரைத் தேரி மணலுக்குள் இறக்க வேண்டாம், சக்கரம் புதையும். நாகர்கோவில் அத்தைக்கு முன்தினமே போன் செய்து, திரும்பி வரும்போது ஏறுவதாகச் சொல்லிவிடவும்.