கொடிக்கு நீச்சல் தெரியாது

வேர் அழுகல், காய்கறிக் கொடிகளுக்கு மண்ணிலிருந்து வரும் நோய். நோயைத் தருவது நுண்ணுயிர். அதை வரவேற்று உட்காரவைப்பது பெரும்பாலும் வளர்ப்பவரின் பாசம். ஆரணியை அடுத்த சேவூரில், பட்டு நெய்கிற வீட்டின் புழக்கடையில் புடலையோ பீர்க்கோ சுரையோ எதை ஊன்றினாலும் அதற்கு ஒதுக்கப்படும் மூலை ஒன்றுதான்: பாத்திரம் கழுவிய தண்ணீர் போய் நிற்கிற இடம். தண்ணீர் வீணாகக் கூடாதாம். வேரை யாரும் கலந்துகொள்வதில்லை.

வேரும் மூச்சு விடும். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் அதற்கு ஆதாரம். அந்த இடுக்குகளில் நீர் நிறைந்துவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் வேருக்கு வந்து சேரும். தறிக்குழியில் மழைநீர் ஊறினால் அன்றைக்கு நெசவு கிடையாது. முழங்கால் நனைய உட்கார்ந்து மிதிபலகையை மிதிக்க எந்த நெசவாளரும் ஒப்பமாட்டார். அதே வீட்டுப் புடலை மட்டும் ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் குட்டையில் நின்றபடி முழநீளக் காய் தரவேண்டும்.

மூச்சுமுட்டிக் கிடக்கும் வேரைத் தேடி வருவது பித்தியம். பூஞ்சை என்று பெயர் வாங்கியிருந்தாலும் உறவுமுறையில் அது பழுப்புக் கடற்பாசிக்குப் பங்காளி. அதன் வித்துகள் இரண்டு வாலை ஆட்டிக்கொண்டு மண்நீரில் நீந்தும். கொடிக்குத் தெரியாத கலை அது. இந்தியாவில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர் எட்வின் ஜான் பட்லர் 1907இல் இந்த இனத்தைப் பற்றி விரிவான ஆய்வையே வெளியிட்டார். ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் என்று வேறு விருந்தாளிகளும் உண்டு. மாக்ரோபோமினா என்பது மட்டும் முறை மாறி, மண் காய்ந்து சுடும் கோடையில் அவரை வகைகளைப் பிடிக்கும்.

அறிகுறி ஏமாற்றக்கூடியது. நடுப்பகலில் இலை துவளும், மாலையில் நிமிரும். தாகம் என்று முடிவுகட்டி வீட்டில் ஆளுக்கொரு குடம் ஊற்றுவார்கள். உறிஞ்ச வேர் இல்லாததால் கொடி இன்னும் துவளும், இன்னும் ஊற்றுவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கண்பட்டுவிட்டது என்று பந்தல்காலில் சுண்ணாம்புப் புள்ளி வைத்த பானை ஏறும். பித்தியத்துக்குக் கண் கிடையாது.

ஒரு வேரை இழுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பேறி நாறும். இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுநரம்பு மட்டும் இழையாகக் கையில் நிற்கும். இழையை விரலால் எடைபோடுகிற ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

தடுப்பு எளிது, செய்யத்தான் மனம் வராது. ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதில் விதை ஊன்றவேண்டும்; மண்ணுக்குள் விரலை விட்டு, ஈரம் இல்லையென்றால்தான் தண்ணீர். சோப்பும் காரமும் கலந்த பட்டு அவித்த நீர் எந்தக் கொடிக்கும் ஆகாது. நோய்ப்பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவைக் கிலோ விதைக்கு 4 கிராம் கலக்கச் சொல்வது வேளாண் பரிந்துரை. புழக்கடைக்காரரிடம் இருப்பதோ எட்டு விதை. ஒரு சிட்டிகை தாராளம். மட்கிய தொழுவுரத்தோடு அதைக் கலந்து குழியிலும் போடலாம்.

நோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் முதல் மருந்து தண்ணீரை நிறுத்துவது. அடுத்தது, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்துத் தூரில் ஊற்றுவது. இதையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே நாளில் ஊற்றினால் திருடனோடு காவல்காரனும் சாவான். முற்றிலும் அழுகிய கொடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அந்தக் குழிக்கு இரண்டு வருடம் வேறு குடும்பத்துச் செடியைக் குடிவைக்கவேண்டும்.

சுரைக்கும் பூசணிக்கும் கடைசி வாய்ப்பு ஒன்று உண்டு. பச்சையாக இருக்கும் தண்டின் கணுவைத் தரையில் வளைத்து, புதுமண் போட்டு மூடினால் அங்கே வேர்விடும். ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதுவரை குடத்தை வீட்டுக்குள் பூட்டிவைப்பது உத்தமம்.