யோர்தானில் ஒரு தர்ணா

பழைய அயர்லாந்தில் பெரிய மனிதரிடம் பாக்கி வசூலிக்கச் சட்டமே காட்டிய வழி, அவர் வாசலில் பட்டினி கிடப்பது. ஈடு எதுவும் தராமல் அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் பாக்கி இரட்டிப்பு. நம் தர்ணாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சட்ட அறிஞர் ஹென்றி மெய்ன் 1875லேயே இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசியிருக்கிறார்.

இப்படிப்பட்ட ஊர்ப் புலவர் கையில் ஆதியாகமம் கிடைத்தால் சும்மா விடுவாரா? 988 வாக்கில் எழுந்த ‘சால்டர் ந ரான்’ என்ற செய்யுள் நூலைப் பாருங்கள். சங்கீதம் 150 என்பதால் இவரும் கணக்காக 150 பாட்டு. பிற்பாடு யாரோ 12 ஒட்டினார்கள். கை சும்மா இருக்காத ஆள் எங்கும் உண்டு. முதல் பாட்டிலேயே காற்றுக்கெல்லாம் சாயம் பூசுகிறார்: தெற்கத்திக் காற்று வெள்ளை, வாடைக்காற்று கறுப்பு. அந்த ஊரில் காற்றுக்கா பஞ்சம்?

அடுத்து ஆதாம் விவகாரம். ஏதேனைவிட்டு வெளியே வந்தவர் தவத்தில் இறங்குகிறார். தவக்கதை லத்தீனிலிருந்து வந்த சரக்குதான், மசாலா உள்ளூர். ஆதாமுக்கு யோர்தானில் 47 நாள், ஏவாளுக்கு டைகிரிஸில் 33 நாள். காலடியில் ஒரு கல், கழுத்தளவு தண்ணீர், வெள்ளத்தில் விரிந்து மிதக்கும் கூந்தல். ஆதாம் தனியாளாக நிற்கவில்லை. “நீயும் என்னோடு பட்டினி கிட” என்று ஆற்றையே கூப்பிடுகிறார். யோர்தான் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. ஆற்றிலுள்ள ஜீவராசிகளும் ஆதரவு. சரியான கூட்டுப் போராட்டம்!

டைகிரிஸ் பக்கம் சாத்தான் வேறு வேடத்தில் வந்து, “போதும்மா, மேலிடத்தில் மன்னித்தாகிவிட்டது” என்று ஏவாளைக் கரையேற்றிவிடுகிறான். போராட்டத்தில் ஒருவரைப் பாதியில் எழுப்பிவிடும் வித்தைக்கு வயது அதிகம். ஆதாம் அசையவில்லை. தேவதூதர்கள் பரிந்து பேச, கடைசியில் மன்னிப்பு கிடைத்தது. ஏதேன் திரும்பக் கிடைக்கவில்லை; எந்த உண்ணாவிரதத்துக்குத்தான் எல்லாக் கோரிக்கையும் நிறைவேறியிருக்கிறது?

இதை 1883இல் முதன்முதலில் அச்சேற்றியவர் விட்லி ஸ்டோக்ஸ். டப்ளின்காரர், 1862இல் சென்னைக்கு வந்தவர், பிறகு கல்கத்தாவில் அரசின் சட்ட உறுப்பினர். பகலில் இந்தியாவுக்குச் சட்டம், ஒழிந்த நேரத்தில் பழைய ஐரிஷ். ஆதாம் மட்டும் அவர் காலத்து இந்தியாவில் யார் வாசலிலாவது உட்கார்ந்திருந்தால் தண்டனைச் சட்டம் 508ஆம் பிரிவு பாய்ந்து, ஓராண்டு வரை உள்ளே போயிருப்பார். தர்ணாவையே உதாரணமாகச் சொல்லும் பிரிவு அது.

ஆனால் ஸ்டோக்ஸ் கைபட்ட 1882ஆம் வருடச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின்படி ஆதாமுக்கு நல்ல கேஸ் இருந்தது. மாத வாடகைக்காரனைக் காலிசெய்யச் சொல்லக்கூட 15 நாள் நோட்டீஸ் வேண்டும். ஏதேனில் சாயங்காலம் விசாரணை, கையோடு வெளியேற்றம்.